நாக்கடியில் ஒரு துண்டு

உட்கார் தாயி. நின்றுகொண்டு பேசினால் அந்த வாட்ச்மேன் பார்ப்பான். காலையிலிருந்து என்னை விரட்டுவதுதான் அவனுக்கு வேலை. உட்கார். இந்தப் பெஞ்சை எனக்கு ஒன்றும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

சன்னல் ஓரக் கட்டிலுக்குத் துணையாக இருக்கிறவள் நீதானே? மாமியாரா? நல்லது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்திருப்பாய். பச்சை நைட்டி. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. நெஞ்செல்லாம் வயர். அவள்தான். என் வீட்டுக்காரி. பிரகாசி என்று பேர்.

முழித்திருக்கிறாளா?

கண்ணை மூடியே இருக்கிறாளா. நெஞ்சு ஏறி இறங்குகிறதா? நன்றாகப் பார்த்தாயா, சும்மா சொல்கிறாயா? சரி, சரி. கோபப்படாதே. எனக்குப் பக்குவமாகப் பேச வராது. கடலில் கத்திப் பழகின தொண்டை. நலம் விசாரித்தாலும் சண்டைக்கு வந்த மாதிரிதான் இருக்கும்.

ஒரு வேலை. சின்ன வேலை. உன்னால்தான் முடியும். பெண்கள் வார்டுக்குள் ஆம்பிளையை விடமாட்டார்கள். பார்வை நேரத்தில் விடுவார்கள், நேற்று விட்டார்கள். இன்றைக்குக் காலையில் அந்த டாக்டரம்மா, அவள் கட்டில் பக்கம் சொந்தக்காரர் யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டது. பெற்ற மகளையே வெளியே அனுப்பிவிட்டது. நீ போகலாம். நீ உன் மாமியாரைப் பார்க்கப் போகிறாய். யார் கேட்பார்கள்?

இந்தா, இந்த டப்பாவைப் பிடி. திற. கடிக்காது.

சுண்ணாம்புக் கட்டி இல்லை. ஆனைப்புளி. கேள்விப்பட்டதில்லையா? எந்த ஊர் நீ? பரமக்குடிப் பக்கமா. அப்போ தெரியாதுதான். எங்கள் கடற்கரையில் அங்கொன்று இங்கொன்றாக நிற்கும். அடிமரம் யானைக்கால் மாதிரி. ஊரே கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. இலை உதிர்ந்துவிட்டால் யாரோ பிடுங்கித் தலைகீழாக நட்டுவிட்டுப் போன மாதிரி நிற்கும். காய் நீளக் காம்பில் தொங்கும், வாலைப் பிடித்து எலியைத் தொங்கவிட்ட மாதிரி. மேலே பூனைமுடி. ஓடு சிரட்டைக் கெட்டி. உடைத்தால் உள்ளே இதுதான். வெள்ளைக் கட்டி, நார், கொட்டை. மரத்திலேயே காய்ந்து மாவாகிவிடும். சொட்டு ஈரம் இருக்காது. அதைக் கவனித்துக்கொள். சொட்டு ஈரம் இருக்காது.

நீ செய்யவேண்டியது இதுதான். ஒரு துண்டை எடுத்து அவள் நாக்கடியில் வை. மெல்ல வேண்டாம். அதுவே கரையும். கரைந்ததும் இன்னொன்று. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பும்போது வை. அவ்வளவுதான். முடிந்தது வேலை.

நர்ஸிடம் கேட்கணுமா? எதற்கு? நான் என்ன பாலிடாலா கொடுக்கிறேன்? இதோ பார், நானே ஒன்று தின்கிறேன். பார்த்தாயா? நீயும் ஒன்று போட்டுப் பார். போடு. புளிப்பு இழுக்கிறதா? எச்சில் ஊறுகிறதா? அதுதான் சங்கதி. தாகத்துக்கு இதைப்போல ஒன்று கிடையாது.

 

சந்தேகமாகப் பார்க்கிறாய். பார். சொன்னால்தான் நம்புவாய். சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு நீட்டத் தெரியாது.

எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. அவள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் ஆனைப்புளி ஒன்று உண்டு. அவள் அப்பன் அந்தக் காயைத்தான் வலைக்கு மிதப்பாகக் கட்டுவான். முழுக் காயாக, காம்போடு. ஓடு உடையாதவரை மூழ்காது. பிளாஸ்டிக் மிதப்பெல்லாம் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் அவள் சீதனத்தோடு ஒரு சாக்குக் காயையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊர் சும்மா இருக்குமா? "சந்தியாகுக்கு மாமனார் வீட்டுல பவுனுக்குப் பதிலா புளியப் போட்டு அனுப்பிருக்காக" என்று சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம். அவளிடம் கேட்டேன், "ஏ புள்ள, ஒங்கப்பன் கொடுத்தனுப்ப வேற ஒண்ணும் கெடைக்கலயா?" அவள் அசரவில்லை. "பவுனு மிதக்குமா? கட்டிப் பாருங்க" என்றாள்.

கட்டினேன். மிதந்தது.

ஒரு நாள் வள்ளத்தில் நானும் அவள் அண்ணன் பாக்கியநாதனும் மட்டும் போனோம். தீவுகளுக்கு வெளியே வலையை விட்டு, அதன் கயிற்றை வள்ளத்தில் கட்டியிருந்தோம். வலையை இழுத்துக்கொண்டு திரும்பலாம் என்ற நேரத்தில் மிஷின் நின்றுபோனது. பாக்கியநாதன் அதைக் கழற்றுகிறேன் பூட்டுகிறேன் என்று உருண்டதில் தண்ணீர்க் கேனை உதைத்துவிட்டான். மூடி எங்கே போனதோ. அவ்வளவு தண்ணீரும் வள்ளத்து அடியில், டீசலோடு கலந்து கிடந்தது. நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. கரை மறைந்தது. வெயில்.

தாகம் என்றால் உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வருகிற தாகம். சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு வருகிற தாகம் வேறு. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச்சு வராது. அழுதால் கண்ணீர் வராது. இரண்டாம் நாள் பாக்கியநாதன் கடல் தண்ணீரை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனான். துடுப்பால் அவன் கையில் ஒரு போடு போட்டேன். விரல் வீங்கிப்போனது. என்னைப் பார்த்தான், கொன்றுவிடுகிறவன் மாதிரி. நானும் அவனை அப்படித்தான் பார்த்தேன்.

அப்போதுதான் மிதப்பு கண்ணில் பட்டது. பிரகாசி வீட்டில் இதை உடைத்து வாயில் அடக்கிக்கொண்டு வேலை செய்வாள். ஞாபகம் வந்தது. ஒரு காயை அறுத்தெடுத்து நங்கூரத்தால் அடித்து உடைத்தேன். பாக்கியநாதனுக்கு அந்த நிலைமையிலும் வாய்த்துடுக்குப் போகவில்லை. "மாப்ள, வலைய அழிக்கிறியா? எந்தங்கச்சி சீதனம்டா அது" என்றான், காற்றுக்குரலில். "வாயத் தொற மச்சான்" என்று ஒரு துண்டை அவன் நாக்கடியில் திணித்தேன்.

எச்சில் வந்தது தாயி. எச்சில். வாய்க்குள்ளேயே ஊற்றுக்கண் திறந்த மாதிரி. ஒவ்வொரு காயாக உடைத்தோம். உடைக்க உடைக்க வலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் விசைப்படகுக்காரர்கள் எங்களைப் பார்த்தபோது வலை அடியில் கிடக்கிறது, நாங்கள் மேலே கிடக்கிறோம். இரண்டு பேர் நாக்கும் வெள்ளைவெளேர்.

கரையில் அவள் நின்றாள். அழுது அழுது முகம் ஊதியிருந்தது. என் நாக்கைப் பார்த்ததும் சிரிப்பு. "மிதப்பத் தின்னுட்டு வந்திருக்கீகளே, இனி எத வச்சுத் தொழில் பாப்பீக?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கொண்டுவந்த காய். அவள் கொடுத்த உயிர். இப்போது புரிகிறதா?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். வயிற்றுப்போக்கா, மோரில் கரை. காய்ச்சலா, கருப்பட்டி போட்டுக் கரைத்துக் குடி. தளிரைப் பருப்பில் போட்டுக் கடைவாள். கொட்டையை வறுத்துத் தருவாள், என் பல் இருந்தவரை. ரீத்தா வயிற்றில் இருந்தபோது இதைத்தான் நாள் பூராவும் வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். ரீத்தா என் மகள். வந்தால் பார், எலும்பெல்லாம் தேக்கு.

நான் சொன்னால் கிழவன் பிதற்றல் என்பாய். போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்தான். காய் வாங்கத்தான் வந்தான். பொடியாக்கி, பாட்டிலில் அடைத்து, வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறார்களாம். மரத்தடியில் நின்று ஒப்பித்தான். ஆரஞ்சைவிட இதில் விட்டமின் சி அதிகம். சுண்ணாம்புச் சத்து உண்டு. நார்ச்சத்து உண்டு. வாழைப்பழமெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாதாம், அத்தனை பொட்டாசியம். பிரகாசி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "இம்புட்டும் இருக்குன்னு தெரியாமயே தின்னுட்டோமே தம்பி, காசு கேப்பீகளோ?" என்று அவனிடம் கேட்டாள்.

அப்போதெல்லாம் சிரித்தாள்.

சர்க்கரை முன்னமே உண்டு. பிறகு கால் வீங்கியது. பிறகு முகம். இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். கிட்னி போய்விட்டது, இரண்டும், என்றார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் வந்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டு போகிறோம். அதையும் பழகிக்கொண்டாள். ஊசி பெரிய ஊசி, ஆணி மாதிரி. ஒரு நாள் வாயைத் திறந்து வலிக்குது என்று சொன்னதில்லை.

தண்ணீர்தான் தாயி. தண்ணீர் குடிக்கக் கூடாது என்றார்கள்.

உன் மாமியாருக்கும் அப்படித்தானா? அப்போ உனக்குத் தெரியும். ஒரு சின்ன பாட்டில். ஒரு நாள் முழுக்க அதுதான். டீ, கஞ்சி, மாத்திரை விழுங்குகிற மடக்கு, எல்லாம் அதற்குள். கூடினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். பாட்டிலை நான்தான் வைத்திருப்பேன். மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். அப்புறம் என் பின்னாலேயே வருவாள். "இஞ்சேருங்க, ஒரு மடக்கு." இல்லை என்பேன். "வாய் நனைக்க." இல்லை. "விரல நனச்சு ஒதட்டுல தடவுங்க." போடி உள்ளே என்று கத்துவேன். ஊருக்கே கேட்கும்.

ஒரு நாள் கொல்லைப்பக்கம் போனேன். துவைத்த துணியை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீர். என்னைப் பார்த்ததும் உதறிக் கொடியில் போட்டாள். "காயப் போட வந்தேன்" என்றாள். என் சட்டை அது.

நான் என்ன செய்வேன்? அவளை அடிப்பதா? சட்டையைக் கிழித்துப் போடுவதா?

அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். தண்ணீர் கூடாது. சரி. இது தண்ணீர் இல்லை, சொட்டு ஈரம் கிடையாது. பழம் கூடாது என்றார்கள், வாழைப்பழம், ஆரஞ்சு, மாம்பழம், இளநீர். சரி. இது பழமா? பழமென்றால் பழுக்கவேண்டும். சாறு வேண்டும். வைத்திருந்தால் அழுகவேண்டும். இது எதுவும் செய்யாது. வருஷக்கணக்கில் கடலில் கிடந்து வலையைத் தூக்குகிற சாமான் இது. இதைப் போய் யார் பழம் என்பார்கள்?

மறுநாள் காலையில் ஒரு காயை உடைத்தேன். நாக்கடியில் ஒரு துண்டு வைத்தேன். "டாக்டரம்மாகிட்ட கேட்டீகளா?" என்றாள். "கேட்டேன்." "என்ன சொன்னாக?" "சரின்னாக. வாய மூடிக்கிட்டு அடக்கு."

கேட்கவில்லை. அந்த டாக்டர்ப் பிள்ளைக்கு இந்தக் காயைத் தெரியுமா என்ன, கேட்பதற்கு?

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  எனக்குப் பயமாகிவிட்டது. பயமென்றால் பயமில்லை, என்ன ஆச்சோ என்று. பிறகு கண்ணைத் திறந்தாள். "இஞ்சேருங்க, வாயில மழ பேஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்குத் தண்ணீர் கேட்கவே இல்லை. மாலையில் பாட்டிலில் மிச்சம் இருந்தது. மிச்சம்! அதைத் தூக்கிக் காட்டினாள், பிள்ளைகள் பரீட்சைப் பேப்பரைக் காட்டுகிற மாதிரி. ராத்திரி தூங்கினாள். நானும் தூங்கினேன்.

பிறகு என்ன. காலையில் வைப்பேன், மதியம் வைப்பேன். போகப் போகக் கொஞ்சம் கூடத்தான் கேட்டாள். கேட்டால் கொடுக்கவேண்டியதுதானே. அதையாவது கொடுக்கிறோமே. வேறு எதைக் கேட்டாலும் இல்லை இல்லை என்று சொல்லி என் நாக்கே மரத்துப்போயிருந்தது. இதற்கு மட்டும்தான் 'இந்தா' என்று சொல்ல முடிந்தது.

ஏன் எழுந்திருக்கிறாய்? இன்னும் சொல்லி முடிக்கவில்லை. உட்கார்.

முந்தாநாள் காலையில் தம்ளரைத் தூக்கப் போனாள். கை வரவில்லை. "கை என்னுது மாதிரி இல்ல" என்றாள். கால் மரத்துவிட்டது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றாள். எழுந்தவள் அப்படியே மடங்கி விழுந்தாள். நாடியைப் பிடித்தேன். கடல் ஓய்ந்த அன்றைக்கு அலை வருமே, ஒன்று வரும், அடுத்தது வராதோ என்று நிற்கவேண்டும், அப்படி இருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் ரீத்தா செபம் சொன்னாள். நான் ஆட்டோக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஓட்டத் தெரியாதவன்.

டாக்டரம்மா கேட்டது, "பெரியவரே, என்ன சாப்பிட்டாங்க?" கஞ்சி என்றேன். "வேற?" ஒன்றுமில்லை. "பழம், ஜூஸ், இளநீர் ஏதாவது?" ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. உண்மைதானே? பழம் கொடுத்தேனா? ஜூஸ் கொடுத்தேனா?

உடனே மிஷினில் போட்டார்கள். ரத்தத்தைக் கழுவினார்கள். நேற்று மதியம் தேறிவிட்டாள். கண் தெளிவாக இருந்தது. நேற்றுச் சாயங்காலம் பார்வை நேரத்தில் உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். "தண்ணி." அவ்வளவுதான். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. பையில் டப்பா இருந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பினாள்.

இன்றைக்குக் காலையில் அந்தப் பெட்டி கத்தியது, நெஞ்சில் வயர் போகிறதே அந்தப் பெட்டி. நீ இருந்தாயா அப்போது? எல்லோரும் ஓடினார்கள். எனக்கு வெளியே சத்தம் மட்டும்தான். செருப்புச் சத்தம். டாக்டரம்மா வெளியே வந்து ரீத்தாவைப் பிடித்துக்கொண்டது. "ரத்தத்துல பொட்டாசியம் நேத்து இறங்கிச்சு. இன்னைக்கு மறுபடி ஏறியிருக்கு. இது தானா ஏறாது. யாரோ ஏதோ கொடுத்திருக்கீங்க. இன்னும் ஒரு தடவை இப்படி ஏறினா ஹார்ட் நின்னுடும். அப்ப நான் கையக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

ரீத்தா, "மாதா சத்தியமா நான் ஒண்ணும் கொடுக்கல டாக்டர்" என்று அழுதாள். "நேத்து நீங்க ஜூஸ் பாட்டில் வச்சிருந்தத நர்ஸ் பாத்திருக்காங்க" என்றது டாக்டரம்மா. அது ரீத்தா தான் குடிக்க வாங்கினது. பாவம், நேற்றெல்லாம் அவளும் சாப்பிடவில்லை. அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க சொல்லுங்கப்பா" என்றாள்.

நான் என்ன சொல்ல? அவள் ஜூஸ் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது போதாதா? பெற்ற மகளைச் சந்தேகப்படுகிற ஆள் நானில்லை. கீழே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அழுதால் அடங்கிவிடும்.

சரி. இவ்வளவுதான் கதை. இப்போது போ. ஒரு துண்டு போதும். ரொம்ப வேண்டாம். பாதிகூடப் போதும். உதட்டில் தேய்த்தாலும் சரி.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

என்ன பொட்டாசியம்? நான் சொன்னேனா? எப்போது? அது அந்தக் கம்பெனிக்காரன் சொன்னது. அவன் சொன்னது காயில் இருக்கிற பொட்டாசியம். சத்து. டாக்டரம்மா சொல்வது ரத்தத்தில் இருக்கிறது. அது வேறு, இது வேறு. பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள் தாயி. கெடுதலான சாமானைக் காசு கொடுத்து வாங்கித் தின்பார்களா வெளிநாட்டுக்காரர்கள்? நானும்தான் தின்றேன், இப்போது உன் கண் முன்னால். எனக்கு என்ன ஆனது? பாக்கியநாதன் எண்பது வயதில் இன்னும் வலை பின்னுகிறான். அது வேறு, இது வேறு.

நல்ல கிட்னி இருந்தால் அது வெளியே தள்ளிவிடும். சரி. அவளுக்குத் தள்ளாது. தேங்கிவிடும். சரி. உனக்கு யார் சொன்னது இதெல்லாம்? உன் மாமியாருக்குச் சொன்னார்களா.

வாழைப்பழமும் இளநீரும் அதற்காகத்தான் வேண்டாமென்றார்களா?

அதற்காகவா?

சாறு இருப்பதால் என்று நினைத்தேன். தண்ணீர்க்கணக்கு என்று நினைத்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லையே. வேண்டாம் என்றார்கள். ஏன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்தச் சின்னப் பிள்ளையிடம் போய் நின்று ஏன் எதற்கு என்று என்னத்தைக் கேட்பது?

டப்பாவைக் கொடு. கொடு என்கிறேன். உன்னைப் போய்க் கேட்டேன் பார். வேறு யாராவது கிடைப்பார்கள். அந்தக் கூட்டுகிற அம்மாவைக் கேட்டால் ஆச்சு. கொடு. ஏன் முதுகுக்குப் பின்னால் வைக்கிறாய்? நான் என்ன பிடுங்கவா போகிறேன்?

அவளுக்குத் தாகமாக இருக்கிறதே தாயி.

உள்ளே உதடு வெடித்துக் கிடக்கிறாள். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஏதாவது செய்யவேண்டாமா? நாற்பத்தெட்டு வருஷம். கடலில் ஒரு தடவை பயந்தேன், அது எனக்காகப் பயந்தது. அது ஒரு பயமா? இப்போது இந்தக் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்கிறேன். யாராவது வெளியே வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டேன், காலைத்தான் பார்ப்பேன். வேகமாக வருகிறதா, மெதுவாக வருகிறதா. மெதுவாக வந்தால் என்ன அர்த்தம்?

நீ சொல்வது எனக்கும் தோன்றியது. காலையில் அந்தப் பெட்டி கத்தினபோதே தோன்றியது. தோன்றினால்? தோன்றுவதெல்லாம் நிஜமா? அப்படியே இருந்தாலும், நான் கொடுத்ததால் அவள், நான் கொடுத்து...

வேண்டாம். பேசாதே. நீ ஒன்றும் சொல்லாதே.

நான் அந்த டாக்டரம்மாவிடம் போகமாட்டேன். அது கேட்கும். ரீத்தா நிற்பாள். அவள் முன்னால் என்னால் முடியாது. நீ இழுத்தாலும் வரமாட்டேன்.

எங்கே போகிறாய்? தாயி. ஏ தாயி. வார்டு அந்தப் பக்கமில்லை, வலதுபக்கம். அது டாக்டர் ரூம். அங்கே எதற்கு டப்பாவோடு...

நில்லு. ஒரு நிமிஷம் நில்லு.

அது கெடுதலான சாமான் இல்லை என்று சொல்லு. முதலில் அதைச் சொல்லு. ஆனைப்புளி என்றால் டாக்டரம்மாவுக்குத் தெரியாது, டப்பாவைத் திறந்து காட்டு. நேற்றுச் சாயங்காலம் ஒரு கைப்பிடி என்று சொல்லு. ஒன்றிரண்டு என்று சொல்லிவிடாதே, கைப்பிடி. அதற்கு முன்னால் வீட்டில் தினமும் ஒரு காய். முழுக் காய். அதையும் சொல்லு, கேட்கும். ரீத்தா ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லு. கிழவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், கூப்பிட்டால் வருவான் என்று சொல்லு.

போ. நடக்காதே தாயி, ஓடு.